பாலத்தை மறித்தவர்கள் – கபனதுவான் சிறைமீட்பின் கதை

1945ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள். பிலிப்பைன்ஸ் நாட்டின் லூஸான் தீவில் காபு என்னும் சிற்றாறு. அதன் மேல் ஒரு மரப்பாலம். ஆற்றின் ஒரு கரையில் ஏறத்தாழ ஆயிரம் ஜப்பானியப் படைவீரர்கள் முகாமிட்டிருந்தனர். மறுகரைப் புதர்களின் மறைவில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கொரில்லாக்கள் சுமார் இருநூறு பேர் மூச்சை அடக்கிப் படுத்திருந்தனர். அவர்களில் பலர் உழவர்கள். கையில் துப்பாக்கி இருந்தாலும் உடலில் சீருடை இல்லை.

அவர்களுக்கு இடப்பட்ட பணி ஒன்றே ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் வரை எதிரி ஒருவனும் அந்தப் பாலத்தைக் கடந்துவிடக் கூடாது. ஏனெனில் அவர்களுக்குப் பின்னால் சில நூறு மீட்டர் தொலைவில் ஒரு போர்க்கைதி முகாம் இருந்தது. அதனுள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைதிகள், இது தங்கள் கடைசி இரவாகவும் இருக்கலாம் என்ற அச்சத்தோடு நாட்களைக் கழித்துக் கொண்டிருந்தார்கள்.

கபனதுவான் சிறைமீட்பு எனப் புகழ்பெற்ற இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது, முகாமின் வாயிலை உடைத்து உள்ளே பாய்ந்த அமெரிக்க வீரர்களையே பெரும்பாலும் பேசுகிறார்கள். அவர்கள் துணிவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கைதிகளை மீட்கும் வேலையில் பாதி முகாமுக்குள் நடந்தது என்றால், மறுபாதி முகாமுக்கு வெளியே சாலையில் நடந்தது. அந்த மறுபாதியை எவ்வாறு திட்டமிட்டார்கள், அது ஏன் வெற்றி பெற்றது என்பதைப் பார்ப்போம்.

முள்வேலிக்குள் மூன்றாண்டுகள்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் பிலிப்பைன்ஸ் மீது படையெடுத்தன. 1942 ஏப்ரல் 9இல் பட்டான் தீபகற்பத்தில் போரிட்ட அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் சரணடைந்தன. மே 6ஆம் நாள் கொரெகிடோர் தீவுக்கோட்டையும் வீழ்ந்தது. பட்டானில் பிடிபட்டவர்கள் கடும் வெயிலில், உணவும் நீரும் சரியாகக் கிடைக்காமல், சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் விரட்டிச் செல்லப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ‘பட்டான் மரணநடை’ என வரலாறு குறிப்பிடுவது இதைத்தான்.

உயிர் தப்பியவர்களில் பல்லாயிரம் பேர் நுவேவா எசிஹா மாகாணத்தில் உள்ள கபனதுவான் நகருக்குக் கிழக்கே அமைந்த முகாமில் அடைக்கப்பட்டனர். வயிற்றுப்போக்கு, மலேரியா, தொண்டை அடைப்பான், பெரிபெரி ஆகிய நோய்கள் அவர்களை வாட்டின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாமின் இடுகாட்டில் புதைக்கப்பட்டனர். உடல்வலிமை எஞ்சியிருந்தவர்களைக் கப்பல்களில் ஏற்றி ஜப்பானுக்கும் பிற இடங்களுக்கும் கட்டாய வேலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1945 தொடக்கத்தில் முகாமில் மிஞ்சியிருந்தவர்கள் நோயாளிகளும், ஊனமுற்றவர்களும், எலும்பும் தோலுமாக இருந்தவர்களுமே ஆவர். பெரும்பாலோர் அமெரிக்கர், சில பிரித்தானியரும் டச்சுக்காரரும் இருந்தனர்.

அவசரம் ஏன்?

1945 ஜனவரி 9இல் அமெரிக்க ஆறாவது இராணுவம் லூஸானின் லிங்காயென் வளைகுடாவில் கரையிறங்கியது. இன்னும் சில வாரங்களில் அது கபனதுவானை அடைந்துவிடும். அப்படியிருக்க, முன்னேறும் படை வந்து சேரும் வரை காத்திருந்தால் என்ன?

இதற்கு விடையை வேறொரு தீவில் தேட வேண்டும். 1944 டிசம்பர் 14இல், பாலவான் தீவின் புவெர்ட்டோ பிரின்செசா முகாமில் இருந்த சுமார் 150 கைதிகள், விமானத் தாக்குதல் வரப்போகிறது எனக் கூறப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குள் விரட்டப்பட்டனர். பிறகு குழிகளில் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தனர் காவலர்கள். வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டனர். 139 பேர் இறந்தனர். தப்பிய 11 பேரில் ஒருவர் கூறிய செய்தி ஜனவரியில் அமெரிக்க இராணுவத்துக்குக் கிடைத்தது. படை நெருங்கும் செய்தியே கைதிகளுக்கு எமனாகக் கூடும் என்பது விளங்கிவிட்டது.

ஜனவரி 26ஆம் நாள், லூஸானில் மூன்றாண்டுகளாகக் கொரில்லாப் படை நடத்தி வந்த மேஜர் ராபர்ட் லேப்பம் என்னும் அமெரிக்கர், ஆறாவது இராணுவத்தின் தலைமையிடத்துக்கு வந்து கபனதுவான் கைதிகளின் நிலையை விளக்கினார். தளபதி வால்டர் க்ரூகர் மீட்பு முயற்சிக்கு ஒப்புதல் அளித்தார். ரேஞ்சர் எனப்படும் சிறப்புப் படையின் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி மூசி தலைமை ஏற்றார். முகாமைத் தாக்கும் பொறுப்பு காப்டன் ராபர்ட் பிரின்ஸிடம் விடப்பட்டது. ரேஞ்சர்கள் நூற்றிருபது பேருக்குச் சற்று அதிகம். வேவு பார்க்க ‘அலாமோ ஸ்கவுட்’ எனப்பட்ட குழுவினர் பதினான்கு பேர். முகாமோ போர்முனையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் உள்ளே, எதிரியின் பிடியில் இருந்த பகுதியில் இருந்தது.

ஒரு பள்ளிக் கணக்கு

இந்த மீட்பை ஓர் எளிய கணக்காக எழுதிப் பார்க்கலாம். முகாமைத் தாக்கிக் காவலர்களை அடக்கி, கைதிகளை வெளியே கொண்டுவர அரை மணி நேரம் தேவை. அங்கிருந்து பம்பாங்கா ஆறு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நலிந்த கைதிகளைத் தாங்கியும் சுமந்தும் நடந்தால் ஆற்றைக் கடக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஆகத் தேவையான நேரம் ஒன்றரை மணி.

இனி எதிரியின் பக்கத்தைப் பாருங்கள். காபு ஆற்றங்கரையில் இருந்த ஜப்பானியப் படை முகாமுக்கு ஓடி வர மூன்று நான்கு நிமிடங்கள் போதும். தென்மேற்கே கபனதுவான் நகரைச் சுற்றி ஆயிரக்கணக்கான துருப்புகள் இருந்தன. அவர்கள் லாரிகளில் புறப்பட்டால் கால் மணியில் அல்லது சற்றுப் பொறுத்து வந்துவிடலாம்.

ஒரு பக்கம் தொண்ணூறு நிமிடம். மறுபக்கம் நான்கு நிமிடம். ரேஞ்சர்கள் எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. யாரேனும் அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தாக வேண்டும். சாலை மறிப்பின் பொருள் இதுதான். எதிரியை ஒழிப்பது அதன் நோக்கமன்று; எதிரியைக் காலம் தாழ்த்தி வரச் செய்வதே அதன் நோக்கம்.

அந்தப் பொறுப்பை இரு பிலிப்பைன்ஸ் கொரில்லாத் தலைவர்கள் ஏற்றனர். காப்டன் எடுவார்தோ ஹோஸோன் சுமார் 80 பேருடன் தென்மேற்கே நகரிலிருந்து வரும் சாலையை மறிக்க வேண்டும். ரேஞ்சர்களில் சிலர் டாங்கிகளை எதிர்க்கும் ‘பஸூக்கா’ என்னும் ராக்கெட் குழலுடன் அவருக்குத் துணையாக இருப்பர். காப்டன் ஹுவான் பஹோட்டா தம் ஆட்களுடன் வடகிழக்கே காபு பாலத்தை மறிக்க வேண்டும். முகாமை ஒரு வீடாகக் கொண்டால், இருபுறக் கதவுகளுக்கும் இட்ட இரு தாழ்ப்பாள்கள் இவை எனலாம்.

உள்ளூர்க்காரரின் சொல்

ரேஞ்சர்கள் ஜனவரி 28இல் கிம்பா என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, இரவெல்லாம் வயல்களின் ஊடே நடந்து, மறுநாள் காலை பலிங்காரின் கிராமத்தை அடைந்தனர். அன்று இரவே தாக்கிவிட வேண்டும் என்பது மூசியின் எண்ணம். பஹோட்டா அதை மறுத்தார். அன்று முகாமை ஒட்டிய சாலையில் ஜப்பானியப் படைகள் பெருந்திரளாகப் போய்க் கொண்டிருந்தன. இந்நிலையில் தாக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும் என்று அவர் எடுத்துரைத்தார். வேவு பார்த்தவர்களின் செய்தியும் அதையே உறுதி செய்தது.

மூசி உயர்ந்த பதவியில் இருந்தவர், அயல்நாட்டிலிருந்து வந்தவர். பஹோட்டாவோ அந்த மண்ணின் மைந்தர். எந்தப் பாதையில் எப்போது யார் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூசி அவருடைய சொல்லை ஏற்றுத் தாக்குதலை ஒரு நாள் தள்ளி வைத்தார். அந்த ஒரு நாள் தாமதமே திட்டத்தைக் காப்பாற்றியது என்று கூறினால் மிகையாகாது.

கிடைத்த ஒரு நாளும் வீணாகவில்லை. ஜனவரி 30 காலை, லெப்டினன்ட் வில்லியம் நெல்லிஸ்டும் ரூஃபோ வாக்கிலார் என்னும் ஸ்கவுட்டும் உள்ளூர் உழவர்களைப் போல் உடையணிந்து முகாமுக்கு எதிரே இருந்த வெற்றுக் குடிசை ஒன்றில் போய் அமர்ந்து, வாயில் எங்கே, காவற்கோபுரங்கள் எங்கே என்று குறித்துக் கொண்டனர்.

கிராமங்களில் வேறு வகை ஆயத்தங்கள் நடந்தன. இரவில் அந்நியர் நடந்தால் நாய் குரைக்கும். ஓர் ஊர் நாய் குரைத்தால் அடுத்த ஊர் நாயும் குரைக்கும் அல்லவா? எனவே பஹோட்டாவின் ஏற்பாட்டின்படி வழியோரச் சிற்றூர்களில் நாய்களின் வாய் கட்டப்பட்டது. கோழிகள் கூண்டுகளில் அடைக்கப்பட்டன. வீடுகளில் உணவு சமைக்கப்பட்டது. நடக்க முடியாத கைதிகளுக்காக எருமை பூட்டிய கட்டை வண்டிகள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தன. இத்தனை பேர் அறிந்திருந்தும் செய்தி எதிரியின் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அந்த ஊர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவ்வூரார் நன்கு அறிவர். அறிந்தே வாய் திறவாமல் இருந்தனர்.

இடுக்கு வழியின் கணிதம்

இருநூறு பேர் ஆயிரம் பேரை எப்படித் தடுக்க முடியும்? இங்கே சிறிது கணிதம் நமக்கு உதவும்.

பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியியல் அறிஞர், முதல் உலகப் போரின் காலத்தில் போர்களைக் கணித முறையில் ஆராய்ந்தார். திறந்த வெளியில் இரு படைகள் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டுக் கொள்ளும்போது, ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும் என்பது அவர் கண்ட விதி. இதன்படி 1000 பேரும் 200 பேரும் வெட்டவெளியில் மோதினால், எண்ணிக்கையில் ஐந்து மடங்கு இருப்பவர்கள் வலிமையில் இருபத்தைந்து மடங்கு இருப்பார்கள். பஹோட்டாவின் ஆட்கள் நெல்வயலில் நின்று போரிட்டிருந்தால் சில நிமிடங்களில் அழிந்திருப்பார்கள்.

ஆனால் பாலம் ஓர் இடுக்கு வழி. ஆயிரம் பேர் கரையில் இருந்தாலும் பாலத்தின் மேல் ஒரே நேரத்தில் முன்னே வரக்கூடியவர்கள் சிலரே. எடுத்துக்காட்டாக இருபது பேர் என்று வைத்துக் கொள்வோம். எதிரே மறைவில் இருக்கும் இருநூறு பேருமோ அந்த இருபது பேரைக் குறி பார்க்க முடியும். இப்போது விதி தலைகீழாகிவிடுகிறது. எண்ணிக்கையில் பத்து மடங்கு, வலிமையில் நூறு மடங்கு என்ற நிலை பாலத்தை மறிப்பவர்கள் பக்கம் வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் கொண்ட படை, இருபது பேர் கொண்ட ஐம்பது சிறு படைகளாகச் சிதறிவிடுகிறது.

பஹோட்டா லான்செஸ்டரைப் படித்தவர் என்பதற்கில்லை. எனினும் அவர் செய்த ஏற்பாடு அந்த விதியைக் கற்றவர் செய்தது போலவே இருந்தது. தம் ஆட்களை ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில், அதன் திறந்த வாய் பாலத்தை நோக்கி இருக்குமாறு நிறுத்தினார். பாலத்தைக் கடந்து வருபவன் எவனும் இரு புறங்களிலிருந்தும் குண்டுகளை எதிர்கொள்ள நேரும்.

இருப்பினும் இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, டாங்கி. துப்பாக்கிக் குண்டு அதை ஒன்றும் செய்யாது. இரண்டாவது, ஆறு. பாலத்தை விட்டு விலகி ஆற்றில் இறங்கிக் கடந்தால் இடுக்கு வழியின் பயன் போய்விடும். முதல் ஓட்டையை அடைக்கப் பாலத்தின் அடியில் நேரக்குண்டு ஒன்று வைக்கப்பட்டது. முன்கூட்டியே வெடித்தால் எதிரி விழித்துக் கொள்வான். பிந்தி வெடித்தால் டாங்கிகள் கடந்துவிடும். எனவே முகாமின் மீது தாக்குதல் தொடங்கும் வேளையான ஏழே முக்கால் மணிக்கு வெடிக்குமாறு அது அமைக்கப்பட்டது. அத்துடன் ரேஞ்சர்கள் கொரில்லாக்களிடம் ஒரு பஸூக்காவைக் கொடுத்து, அதை இயக்கும் விதத்தை அன்றுதான் கற்பித்தனர். இரண்டாவது ஓட்டைக்கு மருந்து, ஆற்றோரம் முழுவதும் விழிப்பாக இருக்கும் கண்களே.

வானத்தில் ஒரு வேடிக்கை

முகாமைச் சுற்றி மரமோ மறைவோ இல்லை. ரேஞ்சர்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் வெட்டவெளி வயலில் வயிற்றால் ஊர்ந்து வர வேண்டும். காவலர்களின் கண்களை வேறு பக்கம் திருப்ப ஒரு வழி தேவைப்பட்டது. விமானம் ஒன்றை மேலே பறக்கவிடலாம் என்ற யோசனையையும் பஹோட்டாவே கூறினார்.

மாலை மங்கும் வேளையில் பி-61 வகை இரவுப்போர் விமானம் ஒன்று முகாமின் மேல் வந்தது. அதன் ஓட்டி, இரு எஞ்சின்களில் ஒன்றை நிறுத்துவதும் மீண்டும் இயக்குவதுமாக இருந்தார். எஞ்சின் பட்படவென்று வெடித்துப் புகை கக்கியது. விமானம் தாழ்ந்து, விழப் போவது போல் தடுமாறி, மீண்டும் எழுந்தது. இருபது நிமிடம் இந்த நாடகம் நடந்தது. காவலர்கள் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்க, தரையில் நூற்றுக்கு மேற்பட்டோர் அங்குலம் அங்குலமாக முன்னேறினர்.

பாலத்தில் நடந்தது

ஏழே முக்காலை ஒட்டி முகாமின் பின்புறமிருந்து முதல் வெடி கேட்டது. அதே வேளையில் காபு ஆற்றங்கரையில் பஹோட்டாவின் துப்பாக்கிகள் முழங்கின. நேரக்குண்டு குறித்தபடி வெடித்தது. ஆனால் பாலம் முழுவதும் தகரவில்லை. நடுவே ஒரு பெரும் பள்ளம் விழுந்ததோடு சரி. அதன் மேல் டாங்கியோ லாரியோ செல்ல முடியாது. மனிதர்கள் தாவிக் கடக்கலாம்.

ஜப்பானிய வீரர்கள் அலை அலையாகப் பாலத்தின் மீது பாய்ந்தனர். ஒவ்வோர் அலையும் ‘வி’ வடிவத்தின் வாயில் விழுந்து மடிந்தது. மரங்களுக்குப் பின் நின்ற டாங்கிகளின் மீது, பஸூக்காவைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் கையில் தொட்ட ஒரு கொரில்லா குறி வைத்தார். டாங்கிகள் தீப்பற்றிச் செயலிழந்தன. ஒரு குழு சற்றுத் தள்ளி ஆற்றில் இறங்கிச் சுற்றி வர முயன்றது. ஆற்றோரம் காத்திருந்தவர்கள் அதையும் கண்டு தடுத்துவிட்டனர். நூற்றுக்கணக்கான ஜப்பானிய வீரர்கள் அன்றிரவு அங்கே உயிரிழந்தனர். அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற மக்கள்தாம் என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கிடையே முகாமுக்குள் விந்தையானதொரு காட்சி. வாயிலை உடைத்துப் புகுந்த ரேஞ்சர்களைக் கைதிகள் பலர் நம்பவில்லை. மூன்றாண்டுகளில் அமெரிக்கச் சீருடையே மாறிவிட்டிருந்தது! தங்களைக் கொல்ல வந்த சூழ்ச்சியோ என அஞ்சி ஒளிந்தனர். அவர்களை இழுத்தும் தள்ளியும் முதுகில் சுமந்தும் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அரை மணியில் முகாம் காலியாயிற்று. பிரின்ஸ் குடிசைகளைச் சோதித்துவிட்டுச் சிவப்பு ஒளிக்குண்டு ஒன்றை வானில் செலுத்தினார். ஆற்றைக் கடந்ததும் இரண்டாவது ஒளிக்குண்டு எழுந்தது. ‘இனி நீங்கள் விலகலாம்’ என மறிப்புப் படைகளுக்கு அதுவே அறிவிப்பு.

ஹோஸோன் காத்து நின்ற பக்கத்தில் பெரும் மோதல் எதுவும் நேரவில்லை. அதனால் அவருடைய காவல் வீண் என்று எண்ணக் கூடாது. திருடன் வராத இரவிலும் தாழ்ப்பாள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த மீட்பில் ரேஞ்சர்கள் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் மருத்துவர். கைதிகளில் இருவர் நோயாலும் தளர்ச்சியாலும் இறந்தனர். கொரில்லாக்களில் சுமார் இருபது பேர் காயமுற்றனர். ஆயிரம் பேரை எதிர்த்து நின்ற பஹோட்டாவின் படையில் ஒருவர்கூட இறக்கவில்லை என்பது வியப்புக்குரியது.

எருமை வண்டிகளின் ஊர்வலம்

ஆற்றங்கரையில் முதலில் காத்திருந்தவை இருபத்தைந்து வண்டிகள் அளவில். வழியில் ஒவ்வோர் ஊரிலும் மேலும் வண்டிகள் சேர்ந்து, இறுதியில் நூறை எட்டின. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வரிசை. விடிவதற்குள் பகைவர் பகுதியைக் கடந்தாக வேண்டும். வழியில் ஓர் ஊரில், ஜப்பானியரை எதிர்த்து வந்த வேறொரு கொரில்லா இயக்கத்தினரான ஹுக்குகள், தங்களுடன் பகை கொண்ட கொரில்லாக்களை ஊருக்குள் விட மறுத்ததால் சச்சரவும் எழுந்தது. ஒருவாறு அதையும் தீர்த்து ஊர்வலம் நகர்ந்தது. ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்க லாரிகளும் மருத்துவ வண்டிகளும் வந்து அவர்களை ஏற்றிக் கொண்டன.

முகாமில் தவறி விடப்பட்டவர் ஒருவர் உண்டு. காது கேளாத ஒரு பிரித்தானியக் கைதி கழிவறையில் தூங்கிவிட்டார். அவ்வளவு பெரிய துப்பாக்கிச் சண்டையும் அவர் செவியில் விழவில்லை! மறுநாள் எழுந்து பார்த்தால் முகாமில் ஆளே இல்லை. அவரையும் கொரில்லாக்களே கண்டுபிடித்துக் காப்பாற்றினர்.

பெருமை யாருக்கு?

மூசிக்கும் பிரின்ஸுக்கும் அமெரிக்க இராணுவத்தின் இரண்டாவது உயர்ந்த வீரவிருது வழங்கப்பட்டது. ஏனைய அமெரிக்க அதிகாரிகளுக்கு வெள்ளி நட்சத்திர விருது. பிலிப்பைன்ஸ் கொரில்லா அதிகாரிகளுக்கோ அதற்கும் கீழான வெண்கல நட்சத்திர விருது கிடைத்தது. பாலத்தை மறித்த காப்டனைவிட, முகாமில் நுழைந்த அதிகாரி ஒரு படி மேல் என்பது அதன் பொருள்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் அடுத்த ஆண்டு வந்தது. 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டம், அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களில் பெரும்பாலோருக்குப் போர்வீரர்க்குரிய சலுகைகளை மறுத்தது. அறுபதாண்டுகளுக்கு மேல் கடந்து, 2009இல்தான் எஞ்சியிருந்த முதியவர்களுக்கு ஒருமுறை மட்டும் ஒரு தொகை வழங்க வழி செய்யப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு 15,000 டாலர். மற்றவர்களுக்கு 9,000 டாலர். 2016இல் அவர்கள் அனைவரையும் போற்றும் வகையில் காங்கிரஸின் தங்கப்பதக்கம் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

உள்ளே நுழைந்து கைதியின் கையைப் பிடித்துத் தூக்கியவரை அந்தக் கைதி வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார். சில நூறு மீட்டர் தொலைவில் இருளில் படுத்து, எதிரி வராமல் பார்த்துக் கொண்டவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அன்றிரவு ஐந்நூறு பேருக்கு உயிர் தந்தது அந்த ஒன்றரை மணி நேரம். அதைச் சம்பாதித்தவர்கள் காபு பாலத்தருகே கிடந்த உழவர்கள் என்பதை வரலாற்றைப் படிக்கும் நாமாவது நினைவில் கொள்வோம்.